தமையன் கண்ட காடும் தம்பி கண்ட காடும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

ஆற்றுப்படை நூல்களில் ஒரு செய்தி பெரிதும் பேசப்படுவதில்லை. பரிசில் பெற்று மீள்பவன் பெறாதவனுக்கு வழி சொல்கிறான் என்பது அனைவரும் அறிந்தது. யார் யாருக்குச் சொல்கிறான் என்பதையும் அங்கே நோக்க வேண்டும். பாணன் பாணனுக்குச் சொல்கிறான். பொருநன் பொருநனுக்குச் சொல்கிறான். கூத்தன் கூத்தனுக்குச் சொல்கிறான். திருமுருகாற்றுப்படை வேறு வகை, அது நிற்க. எந்தக் காட்டில் விலங்கு உண்டு, எந்தச் சீறூரில் உணவு கிடைக்கும், எந்த ஆற்றை எங்கே கடக்கலாம் என்று சொல்பவன் தோளிலும் யாழ் தொங்குகிறது. கேட்பவன் தோளிலும் யாழ் தொங்குகிறது. ஆகவே ஒருவன் கண்ட வழி மற்றவனுக்கும் வழியாகிறது.

ஒரு குடும்பத்தார் கூடிப் பயணம் போகும்போது இந்தப் பொருத்தம் இருப்பதில்லை. உடன்பிறந்தார்க்குக் குருதி ஒன்று. தோளில் தொங்கும் கருவி ஒன்றல்ல. ஒருவர் வலை கொண்டு போகிறார். மற்றவர் வெறுங்கையோடு போகிறார். இருவருக்கும் ஒரே படகு, ஒரே காடு. 1849ஆம் ஆண்டில் அமேசான் ஆற்றில் ஒன்றாகப் படகேறிய இரண்டு ஆங்கிலேய உடன்பிறந்தாரின் கதை இத்தகையது. மூத்தவர் பெயர் உலகறிந்தது: ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். டார்வினோடு சேர்த்து எண்ணப்படும் அறிவியலாளர். இளையவர் பெயர் ஹெர்பர்ட் எட்வர்ட் வாலஸ். அவரை அறிந்தோர் மிகச் சிலர். அவர் கவிதை எழுதியவர் என்பதாலேயே இந்த அவையில் அவரைப் பற்றிப் பேச இடமுண்டு.

ஆல்ஃபிரட் 1823இல் பிறந்தவர். வறுமையால் பதினான்கு வயது நிரம்பு முன்னரே பள்ளிப் படிப்பு நின்றது. அண்ணன் ஒருவரோடு நில அளவைத் தொழில் செய்தார். லெஸ்டர் நகரில், காலுறை நெய்விப்போரிடம் தொழில் பழகிவந்த ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்ற இளைஞரின் நட்பு கிடைத்தது. வண்டு சேர்ப்பதில் இருவருக்கும் ஒரே பித்து. அமேசான் பற்றி 1847இல் வெளிவந்த ஒரு பயண நூலைப் படித்துவிட்டு, அங்கேயே போய்விடுவது என்று இருவரும் முடிவு செய்தனர். 1848 ஏப்ரலில் லிவர்ப்பூல் துறைமுகத்தில் கப்பலேறினர். கையில் செல்வம் இல்லை. அரசின் உதவி இல்லை. பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. பிடித்த பூச்சிகளையும் பறவைத் தோல்களையும் லண்டனில் இருந்த சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவருக்கு அனுப்பி, அவர் விற்றுத் தரும் பணத்தில் அடுத்த மாதம் சாப்பிட வேண்டும். காட்டை அவர்கள் பார்த்த பார்வையைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. அவர்கள் கையிலிருந்த வலை ஏர் போன்றது. அதை வைத்தே பிழைக்க வேண்டும்.

முதலில் ஆல்ஃபிரட்டுக்குக் கிடைத்தது ஏமாற்றம். நூல்களில் படித்த காடு வேறு. பெலெம் நகரை ஒட்டி அவர் கண்ட காடு வேறு. அந்நகர் அப்போது பாரா எனப்பட்டது. கிளைதோறும் குரங்கும் பூதோறும் தேன்சிட்டும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு அவை கண்ணில் படவில்லை. வெயில்கூட எண்ணிய அளவு கொடுமையாக இல்லை. பல நாள் பார்த்துப் பழகிய பிறகே ஒவ்வொன்றாகக் காணக் கிடைத்தன. இதை அவரே மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். காட்டைப் பற்றி எழுதுவோர் பலரும் முதல் நாளே வியந்துவிடுகின்றனர். வியக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளத் தனி நேர்மை வேண்டும்.

இனி ஹெர்பர்ட். 1829இல் பிறந்த கடைக்குட்டி. லண்டனில் பயணப்பெட்டி செய்யும் ஒருவரிடம் முதலில் வேலை பழக விடப்பட்டார். பிறகு வேல்ஸ் நாட்டில் நீத் என்ற ஊரின் இரும்பாலையில், வார்ப்புக்கான மர அச்சுகள் செய்யும் பட்டறையில் சேர்க்கப்பட்டார். இரண்டிலும் மனம் பொருந்தவில்லை. பாட்டெழுதுவதில் மட்டும் நாட்டம் இருந்தது. பாட்டு எந்தக் காலத்திலும் கூலி தருவதில்லை என்பது அவையோர் அறியாததன்று. மற்றோர் அண்ணன் ஜான் 1849இல் பொன் தேடிக் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார். அதே ஆண்டில் இருபது வயது ஹெர்பர்ட் அமேசானுக்குக் கப்பலேறினார். தமையனுடன் இருந்து, சேகரிப்புத் தொழிலில் மனம் படிகிறதா என்று பார்ப்பது ஏற்பாடு. ஒரு குடும்பம் தன் கடைசி மகனுக்கு ஒரு பிழைப்பைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தத் தேடலில் எஞ்சிய ஒரே கதவு ஒரு காட்டின் வாயிலாக இருந்தது.

அவர் வந்த கப்பலில் இன்னொருவரும் இருந்தார்: ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ், பாசி வகைகளில் தேர்ந்த தாவரவியலாளர். இருவரும் 1849 ஜூலையில் பெலெம் வந்து இறங்கினர்.

உடன்பிறந்தார் இருவரும் ஆகஸ்டில் ஆற்றில் மேல்நோக்கிப் புறப்பட்டனர். சாந்தாரெமில் தங்கினர், மோந்தே அலெக்ரே சென்றனர். அங்கே பாறைகளில் பண்டை மக்கள் தீட்டிய ஓவியங்களை ஆல்ஃபிரட் பார்த்துப் பதிவு செய்தார். அந்த ஆண்டின் கடைசி நாளன்று ரியோ நெக்ரோவின் கரையிலுள்ள மனௌஸ் போய்ச் சேர்ந்தனர். பார்ரா என்பது அதன் அன்றைய பெயர். சில வாரங்களில் பேட்ஸும் அங்கே வந்தார்.

சேகரிப்பாளனின் ஒரு நாள் எப்படிப்பட்டது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். விடியலில் துப்பாக்கியோடு பறவை தேட வேண்டும். வெயில் ஏறியதும் வலையோடு பூச்சி தேட வேண்டும். மாலையில் குடிசைக்கு வந்து, செத்த பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தி, பூச்சிகளை ஊசியில் குத்தி, பிடித்த இடமும் நாளும் எழுத வேண்டும். ஈரக் காற்றில் எல்லாம் பூஞ்சை பிடிக்கும். உலர வைத்ததை எறும்பு தூக்கிப் போகும். கூரையிலிருந்து கயிற்றில் பெட்டியைத் தொங்கவிட்டு, எறும்பு இறங்காமல் கயிற்றில் கசப்பெண்ணெய் தடவுவார்கள். இத்தனைக்கும் பிறகு கொசு. இதில் இன்பம் காண்பவனுக்கு ஒவ்வொரு நாளும் திருநாள். இன்பம் காணாதவனுக்கு இது நீத் நகரத்துப் பட்டறையின் மறுபதிப்பு. கூரை மட்டும் ஓலையால் ஆனது.

ஹெர்பர்ட் ஓராண்டு முயன்றார். பறவையும் பூச்சியும் அவரை ஈர்க்கவில்லை. நல்ல சேகரிப்பாளராக ஆகத் தம்பிக்குப் பொருத்தம் இல்லை என்று தமையன் முடிவு கண்டார். சினந்து சொன்னதாகத் தெரியவில்லை. தம்பியும் மறுத்ததாகத் தெரியவில்லை. ஆல்ஃபிரட் தனியே ரியோ நெக்ரோவில் மேலே போவது. ஹெர்பர்ட் சில மாதம் அருகிலேயே இருந்து, தம்மால் ஆனதைச் சேகரித்துவிட்டு, அடுத்த ஆண்டு இங்கிலாந்து திரும்புவது. இவ்வாறு பேசி முடித்தனர். 1850 ஆகஸ்ட் 31 அன்று ஆல்ஃபிரட்டின் படகு கிளம்பியது. அதன்பின் இருவரும் ஒருவரையொருவர் காணவில்லை.

இந்த முடிவை இன்று படிப்போர் இரு வகையாகப் பேசக்கூடும். கவிஞனைப் பூச்சி பிடிக்க வைத்த தமையன் கல்நெஞ்சர் என்று சிலர் சொல்லக்கூடும். அது நேர்மையாகாது. தம்மிடம் இருந்த ஒரே பிழைப்பைத் தம்பிக்குப் பகிர்ந்து கொடுக்க முன்வந்தவர் அவர். கனவு கண்டு காலம் கழித்த தம்பி என்று வேறு சிலர் சொல்லக்கூடும். அதுவும் பொருந்தாது. பிடிக்காத தொழிலில் ஓராண்டு உழைத்துப் பார்த்துவிட்டே அவர் விலகினார். குறை இருவரிடமும் இல்லை. பொருநனுக்குரிய ஆற்றுப்படை பாணன் கையில் கொடுக்கப்பட்டது, அவ்வளவே.

இதை ஒத்த ஒன்று பதினைந்து ஆண்டுகளில் அதே ஆற்றில் நடந்தது. 1865இல் ஹார்வர்டுப் பேராசிரியர் லூயி அகாசி தம் மனைவி எலிசபெத்தோடும் மாணவர்களோடும் பிரேசில் போனார். கணவருக்கு மீன் வேண்டும். அந்த மீன்களைக் கொண்டு டார்வின் கொள்கையை மறுக்க வேண்டும். மனைவி நாள்தோறும் கண்டதை எழுதினார்; ஊரும் மக்களும் வீடுகளும் அவர் எழுத்தில் உள்ளன. 1868இல் வெளிவந்த பயண நூலில் இருவர் பெயரும் இருக்கிறது. உடன்சென்ற மாணவருள் வில்லியம் ஜேம்ஸ் என்ற இருபத்து மூன்று வயது இளைஞர் அம்மை நோயில் படுத்தெழுந்தார்; சேகரிப்பு தமக்கு ஏற்றதன்று, சிந்தனையே தம் வழி என்று அங்கே தெளிந்தார். பின்னாளில் பெரும் உளவியலறிஞராகவும் மெய்யியலறிஞராகவும் விளங்கியவர் அவரே. அவருக்கு அந்தத் தெளிவோடு வீடு திரும்ப வாய்த்தது. ஹெர்பர்ட்டுக்கு வாய்க்கவில்லை.

1851இன் முற்பகுதியில், தம்பி ஊர் திரும்ப ஆயத்தம் செய்துகொண்டிருந்த காலத்தில், தமையன் ரியோ நெக்ரோவின் தலைப்பகுதிக்குப் போய் வெனிசுவேலா நாட்டு எல்லைக்குள் நுழைந்திருந்தார். ஜாவிட்டா என்ற பழங்குடிச் சிற்றூருக்குக் காட்டு வழியே நடந்தபோது, பாதையின் குறுக்கே ஒரு கருஞ்சிறுத்தை கடந்தது. அமெரிக்கக் காட்டின் சாகுவார் இனத்தில் மிக அரிதாகக் காணும் கரிய வகை அது. கையில் துப்பாக்கி இருந்தது. அதில் சிறு பறவைக்குரிய இரவைக் குண்டே இருந்தது. ஆல்ஃபிரட் சுடவில்லை. விலங்கு நின்று திரும்பிப் பார்த்துவிட்டு மரங்களுக்குள் மறைந்தது. அச்சம் தோன்றவே இடமில்லாதபடி வியப்பு நிறைந்திருந்ததாக அவர் எழுதியிருக்கிறார். விற்பனைக்குரிய தோல் ஒன்று நடந்து போகிறது என்ற எண்ணம் அந்தக் கணத்தில் அவரிடம் இல்லை.

ஜாவிட்டாவில் சுமார் நாற்பது நாள் இருந்தார். மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லை. இரவும் மழையும் தனிமையும் சேர்ந்தன. அங்கே அவர் செய்த ஒரு காரியம், அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் விரைந்து கடந்துவிடும் ஒன்று. அவர் செய்யுள் எழுதினார். அந்தச் சிற்றூரையும் அதன் மக்களையும் அவர்கள் பிள்ளைகளையும் நீண்ட செய்யுளாக எழுதி, பொருளாசை பிடித்த நாகரிக வாழ்வைவிட இங்கே மீன் பிடித்துப் படகோட்டி வாழ்வது மேல் என்ற கருத்தைச் சொன்னார். அந்த நேரத்து மனக்கொதிப்பில் எழுதியது என்று பிறகு ஒரு குறிப்பும் சேர்த்துக்கொண்டார். செய்யுள் என்ற அளவில் அது உயர்ந்ததன்று. ஆனால் 1853இல் அச்சான அவருடைய பயண நூலில், அட்டவணைகளுக்கும் அளவுகளுக்கும் நடுவே, அதை அவர் நீக்காமல் வைத்தார்.

தமிழ்ப் பொருளிலக்கணம் புள்ளையும் மரத்தையும் கருப்பொருள் என்று ஒரு பக்கம் வைக்கிறது. உள்ளத்து ஒழுக்கத்தை உரிப்பொருள் என்று மறுபக்கம் வைக்கிறது. கருப்பொருள் திணை மாறி மயங்கலாம். உரிப்பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஈராண்டுக்கு மேலாகக் கருப்பொருளையே பெட்டி பெட்டியாக அடுக்கியவருக்கு உரிப்பொருள் வேண்டியிருந்தது. அது வேண்டிய நேரத்தில், அதை அறிந்த தம்பி பக்கத்தில் இல்லை. தம்பிக்கும் இதையே மாற்றிச் சொல்லலாம். பறவையின் பெயரும் மரத்தின் பெயரும் தெரியாமல் காட்டைப் பாடுவோர் எல்லாக் காட்டையும் ஒரே காடாகப் பாடிவிடுகின்றனர். சங்கப் புலவர்க்கு அந்தத் தீங்கு நேரவில்லை. இன்றைய கவிதையில் அது நிறையவே நேர்கிறது. இவ்வாறு சொல்வது இங்கே அமர்ந்துள்ள சிலரைச் சுடலாம்.

தமையனின் எண்ணிக்கைப் பழக்கத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. எந்தக் குரங்கு ஆற்றின் எந்தக் கரையில் கிடைத்தது என்று அவர் குறித்துக்கொண்டே வந்தார். அமேசானும் அதன் பெரிய கிளையாறுகளும் சில குரங்கினங்களுக்கு எல்லைக்கோடாக நிற்கின்றன என்பது அதில் தெரிந்தது. 1852 டிசம்பரில் லண்டன் விலங்கியல் கழகத்தில் அவர் படித்த கட்டுரை இதைப் பற்றியது. உயிரினங்கள் எவ்வாறு பிரிந்து பலவாகின்றன என்ற பெருங்கேள்விக்கு விடைதேடும் வழியில் அது ஒரு படி. பூச்சியின் கீழ் ஒட்டிய சிறு தாளில் ஊர்ப்பெயர் எழுதும் சலிப்பான வேலையிலிருந்து வந்த படி அது.

ஹெர்பர்ட் 1851இல் பெலெம் வந்து கப்பலுக்குக் காத்திருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்நகரில் மஞ்சள் காய்ச்சல் புகுந்து பலரைக் கொன்றிருந்தது. அந்நோயைப் பரப்புவது கொசு என்று எவரும் அறியாத காலம். கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881இல் அக்கருத்தை முன்வைத்தார், 1900இல்தான் அது மெய்ப்பிக்கப்பட்டது. ஹெர்பர்ட்டைக் காய்ச்சல் பற்றியது. அப்போது பேட்ஸும் பெலெமில் இருந்தார். அவர் தம்மாலியன்றதைச் செய்தார், பயன் இல்லை. ஜூன் 8 அன்று ஹெர்பர்ட் இறந்தார். வயது இருபத்திரண்டு. பேட்ஸையும் அதே காய்ச்சல் பிடித்தது, அவர் பிழைத்தார்.

தமையனுக்கு இது தெரியாது. செப்டம்பர் நடுவில் அவர் மனௌஸ் திரும்பியபோது, தம்பி பிழைப்பது அரிது என்று சொல்லும் ஒரு கடிதம் காத்திருந்தது. கடிதம் எழுதப்பட்டுச் சில மாதம் ஆகியிருந்தது. அதற்கு மேல் செய்தி இல்லை. கடிதத்தைப் படித்த நாளில் தம்பி இறந்து மூன்று மாதம் கழிந்திருந்தது. அந்த ஐயத்தோடேயே அவர் மீண்டும் மேலாற்றுக்குப் போனார். அங்கே அவரும் காய்ச்சலில் விழுந்து, பல வாரம் சாவின் விளிம்பில் கிடந்தார்.

1852 ஜூலை 12 அன்று ஆல்ஃபிரட் பெலெமில் 'ஹெலன்' என்ற கப்பலில் ஏறினார். ரியோ நெக்ரோவிலும் உவாப்பெஸ் ஆற்றிலும் சேர்த்தவை எல்லாம் உடன் வந்தன. உயிருள்ள குரங்கும் கிளியும்கூட இருந்தன. ஆகஸ்ட் 6 அன்று நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. பனை வகைகளையும் மீன்களையும் வரைந்த தாள்களும் சில குறிப்புகளும் அடங்கிய ஒரு தகரப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் படகில் இறங்கினார். விலங்குகளில் தப்பியது கடலில் விழுந்த ஒரு கிளி. பத்து நாள் படகில் தவித்தபின் வேறொரு கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. முதல் ஆண்டுகளில் ஸ்டீவன்ஸுக்கு அனுப்பியவை லண்டனில் இருந்தன. முகவர் முன்யோசனையோடு செய்த காப்பீட்டில் 200 பவுண்டு கிடைத்தது. தம்பியைப் பிரிந்து தனியே போய்ச் சேர்த்தவற்றில் மிகப் பெரும்பகுதி கடலோடு போயிற்று.

அந்தத் தகரப் பெட்டியிலிருந்து 1853இல் அமேசான் பனைகளைப் பற்றிய சிறு நூல் ஒன்று பிறந்தது. 250 படிகளே அச்சிட்டனர். அதில் ஒவ்வொரு பனையையும் அம்மண்ணின் மக்கள் எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்பதும் உண்டு: கூரைக்கு ஓலை, தூளிக்கு நார், அம்புக்கு முனை, குடிக்கப் பழச்சாறு. இந்தக் கதையில் மூன்றாவதாக ஒரு பார்வை இருப்பதை அந்த நூல் நினைவூட்டுகிறது. உடன்பிறந்தார் இருவரின் படகையும் துடுப்புப் போட்டுச் செலுத்தியவர்களுக்கு அது பயணமே அன்று. அவர்கள் தங்கள் வீட்டு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பெயர்கள் பெரும்பாலும் எந்த நூலிலும் இல்லை.

மற்றவர்களின் கதை நீண்டது. பேட்ஸ் பதினோராண்டு இருந்து, சுமார் 8,000 புதிய இனங்களோடு 1859இல் திரும்பினார். ஸ்ப்ரூஸ் 1864வரை தென்னமெரிக்காவில் உழைத்தார். 1860இல் எக்வடோர் மலைகளில் அவர் சேகரித்த சிங்கோனா விதைகளும் நாற்றுகளும் உதகைக்கு வந்து நீலகிரியில் வளர்ந்தன. காய்ச்சலுக்குரிய கொய்னா மருந்து அந்த மரப்பட்டையிலிருந்தே கிடைத்தது. ஹெர்பர்ட்டோடு ஒரே கப்பலில் வந்த மனிதரின் கைப்பட்ட மரங்கள் தமிழ் மலையில் நின்றன என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

ஆல்ஃபிரட் பின்னர் எட்டாண்டு மலாய்த் தீவுகளில் அலைந்தார்; இயற்கைத் தேர்வைத் தாமே கண்டறிந்தார்; புகழும் முதுமையும் அடைந்தார். எண்பத்திரண்டாம் வயதில், 1905இல், 'என் வாழ்க்கை' என்ற தன்வரலாற்றை வெளியிட்டார். இரு பெருந்தொகுதிகள். அமேசான் பகுதிக்கு வரும்போது முதியவர் சற்று நிற்கிறார். குடும்பத்தில் பாட்டுத்திறன் உடையவன் அவன் ஒருவனே என்று கூறி, இலக்கியத் தொழிலே அவனுக்குப் பொருந்தியிருக்கும் என்று எழுதி, தம்பியின் சில பாடல்களை அங்கே அச்சிடுகிறார். அவற்றை எழுதியவர் இறந்து ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹெலன் கப்பலில் எரிந்தவற்றுள் அந்தத் தாள்கள் இல்லை.